மூடியைத் திறந்தபோது

என்னிடம் ஒரு மடிக்கணினி இருக்கிறது. ஆசிரிய நியமனம் கிடைத்த மறு வருடம், 2016இல், தவணை முறையிற் பணங்கட்டி வாங்கியது. வினாத்தாள் தயாரிப்பதும் புள்ளிப் பட்டியல் எழுதுவதும் பழைய நூல்களின் படப்பிரதிகளை வாசிப்பதும் அதிலேதான். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது என் வகுப்பறை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டு முடிவதற்குள் அது மிகவும் தளர்ந்துவிட்டது. விசையை அழுத்திவிட்டு அடுப்படிக்குச் சென்று தேநீர் வைத்துக் குடித்து முடித்து வந்தாலும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புதியதொன்று வாங்குவதைப் பற்றி எண்ணவும் இயலாத காலம் அது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இடையிலே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திற்று. தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். ஒரு புதிய மடிக்கணினியின் விலை என்னுடைய ஐந்து மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

பட்டணத்திலுள்ள கடையொன்றுக்கு அதைக் கொண்டு சென்றேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மொடல் இனிச் சரிவராது சேர். திறந்தால் உள்ளதும் போயிடும். புதுசொண்டு பாருங்கோ" என்றார். நான் ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி. சொல்லுக்குச் சொல் சான்று கேட்டுப் பழகியவன். ஆயினும் அந்தக் கூற்றுக்கு நான் சான்று கேட்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்ற அச்சம் அவர் சொல்லுமுன்னரே எனக்குள் இருந்தது.

அந்த அச்சத்தைப் போக்கியவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனைப் பற்றி நான் அதற்கு முன் கொண்டிருந்த கருத்தை இங்கு மறைப்பது நேர்மையாகாது. தமிழ்ப் பாடத்தில் அவன் முப்பது புள்ளியைத் தாண்டியதில்லை. கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நிறுத்திவிடுவான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் இரண்டு தவணையும் "கவனக்குறைவு" என்று என் கையால் எழுதியிருந்தேன். கூலி வேலைக்குப் போகும் அவனுடைய தாய் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, "இவன் படிப்பானோ சேர்?" என்று கேட்டபோது, நான் தெளிவான விடை கூறாது தலையசைத்து அனுப்பினேன். மாலை வேளைகளில் பஸ் நிலையத்தருகே கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் அவன் வேலை செய்கிறான் என்பதையும் ஒரு குறையாகவே கருதியிருந்தேன்.

2023 ஜனவரியில் ஒருநாள், ஆசிரியர் அறையில் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தபோது, கொப்பிக் கட்டைக் கொண்டுவந்து வைத்த அவன் சற்று நின்றான்.

"சேர், ராம் காணாது. கூட்டலாம்."

"திறந்தால் பழுதாகிப் போகுமாமே, தம்பி?"

"இல்லை சேர். அது திறக்கிறதுக்குத்தானே ஆணி வைச்சிருக்கிறாங்கள்."

இந்த விடையை நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அவன் கணினியை இயக்கி, அதன் பணிசெயல் முறைமை 64 பிற்று வகையா என்று பார்த்தான். 32 பிற்று வகையாயின் 4 கிகாபைற்றுக்கு மேலுள்ள நினைவகத்தை அது பயன்படுத்திக்கொள்ளாது என்றான். பின்னர் அதனை முற்றாக நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, மின்கலத்தையும் வெளியே எடுத்தான். எஞ்சியிருக்கும் மின்னேற்றம் போகட்டும் என்று விசையைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடிக்கச் சொன்னான். உடலிலுள்ள நிலைமின் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடும் என்பதால் யன்னலின் இரும்புக் கம்பியைத் தொடச் செய்தான். "இனி நீங்கள் கழற்றுங்கோ சேர்" என்று திருப்புளியை என் கையில் தந்தான். முப்பது வயது கடந்த பின்னர் நான் முதன்முதலாகப் பிடித்த திருப்புளி அதுவே என்று கூறினால் வாசகர் நகைக்கலாம், அது உண்மை.

அடிப்புறத்திலிருந்த சிறிய மூடியைக் கழற்றினோம். உள்ளே இரண்டு பொருத்திடங்கள் இருந்தன. ஒன்றில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு பச்சைப் பலகை. மற்றையது வெறுமையாய் இருந்தது. ஆறாண்டுக் காலம் அந்த வெற்றிடத்தைத் தோளிற் சுமந்துகொண்டு பாடசாலைக்குப் போய் வந்திருக்கிறேன். அப்படியொன்று இருப்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

இருந்த பலகையின் ஒட்டுத்தாளை அவன் வாசிக்கச் செய்தான். எங்கள் கணினிக்குரியது 1.35 வோல்ற்றில் இயங்கும் டி.டி.ஆர். 3 எல் வகை. அதன் விளிம்பிலே 204 தொடுமுனைகள். இதற்குப் பிந்திய டி.டி.ஆர். 4 வகைக்கு 260 தொடுமுனைகள். வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்த முடியாது. இரண்டு நாளின் பின், அவன் வேலை செய்த கடையிற் பழைய பலகையொன்று 4,500 ரூபாவுக்குக் கிடைத்தது. என் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. வெட்டையும் மேட்டையும் நேராக்கிச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அமர்த்தியபோது, இரு புறத்துக் கவ்விகளும் "டிக்" என்று பிடித்துக்கொண்டன. கணினி 8 கிகாபைற்று என்று காட்டிற்று. வேலை முழுவதும் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தது.

நினைவகம் என்பதன் வரைவிலக்கணத்தை மாணவர்கள் பாடமாக்கி ஒப்புவிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் இயல்பை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். வன்தட்டு அலுமாரி, நினைவகம் மேசை. மேசை சிறிதாயின் ஒரு நூலை விரிப்பதற்கு இன்னொன்றை மூடி அலுமாரிக்குள் வைக்கவேண்டும். கணினி தளர்வது இந்த அலைச்சலினால். ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய றொபேட் டெனாட் என்பவர் 1968இற் காப்புரிமை பெற்ற அமைப்பே இந்நினைவகத்தின் அடிப்படை. ஒவ்வொரு பிற்றுக்கும் ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் உண்டு. கொள்ளளவியின் மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போல ஒழுகிக்கொண்டிருப்பதால், ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அதனை மீண்டும் நிரப்பவேண்டும். 4 கிகாபைற்றுப் பலகையொன்றில் இத்தகைய கொள்ளளவிகள் 3,400 கோடிக்கு மேல்.

இத்துணை நுண்மையான பொருள் தானாகத் தோன்றியதன்று. அந்தப் பலகையிற் கொரியா என்று அச்சிடப்பட்டிருந்தது. அச்சொல்லைக் கண்டதும், முன்னர் வாசித்தறிந்த ஹ்வாங் யூமி என்ற பெண் என் நினைவுக்கு வந்தாள். தென்கொரியாவின் கிஹுங் பகுதியிலுள்ள சாம்சங் குறைகடத்தித் தொழிற்சாலையிற் பாடசாலைக் கல்வி முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். சிலிக்கன் தகடுகளை இரசாயனக் கரைசலில் அமிழ்த்தி எடுப்பது அவளுடைய தொழில். இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி 2007 மார்ச் மாதத்தில், 22 வயதில், அவள் இறந்தாள். வாடகைக்கார் ஓட்டும் அவளுடைய தந்தை நீதி கேட்டுப் போராடினார். அந்நோய் தொழிலினால் வந்ததென்று 2011இல் சியோல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2018 நவம்பரில் அந்நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரு தந்தை பதினோராண்டு காத்திருந்து பெற்ற மன்னிப்பு அது. நினைவகம் செய்த அவளை நினைவிற் கொள்வோர் நம்மில் எத்தனை பேர்?

இப்பொருளின் விலைக்கும் ஒரு கதை உண்டு. 1999 முதல் 2002 வரை நினைவகம் செய்யும் பெருநிறுவனங்கள் சில இரகசியமாகக் கூடி விலையை நிர்ணயித்தன. அமெரிக்காவில் நடந்த வழக்கிலே சாம்சங் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2005இல் 30 கோடி டொலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. செய்பவரிடம் உயிரையும் வாங்குபவரிடம் பணத்தையும் கவரும் முறைமைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நான் செய்த இந்தச் சிறு வேலையை எதிர்காலத்தில் எல்லாரும் செய்ய இயலுமா என்பதும் ஐயமே. அப்பிள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட மக்புக் எயாரிலும், 2012இல் வெளியிட்ட ரெற்றினாத் திரையுடைய மக்புக் புரோவிலும் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. வேறு நிறுவனங்களும் மெல்லிய கணினிகளில் அவ்வழியைப் பின்பற்றின. மெலிவுக்கும் வேகத்துக்கும் அது உதவும் என்பது மெய்யே. ஆனால் வாங்கும் நாளிலேயே முழு விலையையும் கொடுக்க இயலாதவன் பின்னொருநாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளும் வழி அதனால் அடைபடுகிறது என்பதும் மெய்யே. இதற்கெதிராகக் குரல்கள் எழுந்துள்ளன. பிரான்சு நாடு 2021 முதல் மடிக்கணினி முதலான பொருள்களைத் திருத்துவது எத்துணை எளிது என்பதைப் புள்ளியிட்டு விற்பனையிற் காட்டவேண்டுமென்று விதித்தது. திருத்திப் பயன்படுத்தும் உரிமை பற்றிய பணிப்புரையொன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிற்று. டொலரை எண்ணி எண்ணிச் செலவிடும் நமது நாட்டுக்கு இவ்வுரிமை அவர்களுக்கு வேண்டியதிலும் அதிகமாக வேண்டும்.

இனி அந்த மாணவனிடம் வருகிறேன். புறநானூற்றிலே ஔவையார் அதியமானின் ஆற்றலுக்கு ஓர் உவமை கூறுகிறார்: ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்கால். இதனை நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். உவமையின் நயத்தைச் சொல்லி அரசனின் பெருமைக்குத் தாவிவிடுவேன். தச்சனிடம் ஒரு கணமேனும் நின்றதில்லை. கையால் வேலை செய்பவனைச் செய்யுளிற் போற்றி வகுப்பிற் புறக்கணிக்கும் கல்வியைத்தான் நான் கற்றேன். அதையே கற்பித்தும் வந்தேன்.

அடுத்த கிழமை அவனிடம், "தம்பி, அண்டைக்குச் செய்ததை அப்படியே எழுதிக்கொண்டு வாரும்" என்றேன். நிலாக்கால இரவைப் பற்றி நான்கு வரியோடு நிறுத்தியவன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். எழுத்துப்பிழை இருபத்தேழு. ஆனால் எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர் செய்வது, ஏன் அப்படிச் செய்வது என்பதில் ஒரு பிழையும் இல்லை. தெளிவாக எழுதும் ஆற்றல் அவனிடம் இருந்தது. அவன் அறிந்த பொருளைப் பற்றி எழுதும்படி நான்தான் ஒருபோதும் கேட்கவில்லை. "மின்கலத்தைக் களட்டவும்" என்று அவன் எழுதியதைக் "கழற்றவும்" என்று திருத்தும்போது, அவன் முதன்முறையாகக் காரணம் கேட்டான். ழகர ளகர வேறுபாட்டை அன்று அரை மணி நேரம் பேசினோம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே தாய்மொழியிற் சித்தியடையாதவனுக்கு உயர்தரத்தின் வாயில் பொதுவாகத் திறவாது. ஆகவே எனது அசட்டை அவனுடைய வாழ்வையே அடைத்திருக்கும். 2024 மே மாதத்திற் பரீட்சை எழுதினான். தமிழிற் சாதாரண சித்தி பெற்றான், கணிதத்திற் சித்தியடையவில்லை. இப்போது பகலில் அதே கடையில் வேலை. இரவிற் கணிதம் படிக்கிறான். அவனை நான் உயர்த்திவிட்டதாக எவரும் எண்ணவேண்டாம். அவனுக்குரிய இடத்தை நமது பாடசாலை இன்னும் அமைக்கவில்லை.

ஆனால் பாடசாலைக் கணினி அறையிற் பழுதென்று ஒதுக்கிய மூன்று மடிக்கணினிகளை ஒரு சனிக்கிழமை மாணவர்களோடு சேர்ந்து அவன் திறந்தான். அவற்றில் இரண்டு இன்று இயங்குகின்றன. பிழை நீக்கி அவனே திருத்தி எழுதிய அந்த இரண்டு பக்கமும் அவ்வறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. கீழே அவனுடைய பெயர் இருக்கிறது. தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதிய சொல்லை இனி அழிக்க இயலாது. அதை எழுதிய கையே இதையும் எழுதுகிறது என்பதையாவது சொல்லி வைக்கிறேன்.