கண்மாய் மண்ணும் ஐயனார் புரவியும்

மனிதனுக்கும் பிரகிருதிக்கும் உள்ள உறவைச் சித்திரிக்கப் புகுந்த ஓவியர்களில் பலர், படத்தில் மனிதனை எங்கே, எவ்வளவு பெரியவனாக நிறுத்துகிறார்கள் என்பதிலேயே தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சீனத்து ஃபான் குவான் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் தீட்டி, இன்று தைபேயில் இருக்கும் ஆறடிக்கும் மேல் நீண்ட பட்டுச் சுருளை மலையே அடைத்துக்கொள்ள, அதன் அடிவாரத்தில் கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்லும் வழிப்போக்கரைத் தேடித்தான் காணவேண்டும். ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் 1818-ஐ ஒட்டித் தீட்டிய படத்திலோ, மூடுபனியை நோக்கிப் பாறைமேல் நிற்கும் ஒருவனுடைய முதுகே நடுநாயகமாக இருக்கிறது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஐயனாருக்குப் புரவி செய்து பிழைக்கும் வேளார்களாகிய எங்களுக்கு, எட்ட நின்று பார்க்கும் காட்சியாகப் பிரகிருதி வாய்த்ததே இல்லை. கண்மாய் வற்றினால்தான் மண், மண் கிடைத்தால்தான் குதிரை, குதிரை எடுத்தால்தான் மழை என்பது ஊரார் நம்பிக்கை.

மண்குதிரைகளை ஐயனார் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும், ஊர்ப் பெரியவர்கள் ஊர்க் கண்மாயில் ஒரு கைப்பிடி மண் அள்ளிப் பிடிமண்ணாக வேளாரிடம் கொடுப்பது சம்பிரதாயம். ஒருமுறை அதை என் கையில் வைத்த முதியவர், "வேளாரே, இந்த வருஷமாவது கண்மாய் நிறையணும், பாத்துச் செய்ங்க" என்றார். குதிரையின் அழகைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கண்மாய்க் களிமண்ணான கரம்பையை ஊறவைத்து, கல்லும் வேரும் களைந்து, மணலும் உமியும் கூட்டி மிதித்துப் பதப்படுத்திய பின், நான்கு கால்களும் உள்ளீடற்ற தூண்களாக முதலில் எழும். அவை பாரம் தாங்குமளவு இறுகிய பிறகே வயிறு. அவசரப்பட்டால் கால் பிதுங்கும்; அதிகம் காயவிட்டாலோ புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தும் பதியாமலும் இருக்கவேண்டிய அந்தப் பக்குவத்தை நிர்ணயிப்பவை காற்றும் வெயிலுமே; ஈரச்சாக்கைப் போர்த்துவதும் விலக்குவதுமே நம்முடைய வேலை. சூளையில் உமி எரிந்துபோய் விட்டுச்செல்லும் நுண்துளைகளும், வயிற்றின் அடியில் விட்ட துவாரமும் குதிரையை வெடிக்காமல் காக்கின்றன.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவலட்சணம் என்று தள்ளமாட்டேன். சில மெய்யாகவே கம்பீரமானவை. ஆனால் அவற்றைச் செய்பவர் கண்மாயின் யோக்கியதையை அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சீமைக்கருவேலம் வேரோடிய இடங்களில் மண்ணைவிட வேரே மிகுதியாக வருவதால், வெளியூர் மண்ணை டிராக்டர்க் கணக்கில் விலைக்கு வாங்கி, அந்தந்த ஊர்ப் பிடிமண்ணை அதனோடு சேர்த்துப் பிசைந்துகொள்கிறோம்.