இரவல் கருவியும் மட்டாஞ்சேரிப் புதையலும்

மட்டாஞ்சேரிக்குப் புதையல் வேட்டை புதிதல்ல. 1663-ல் டச்சுக்காரர்களிடம் கொச்சியை இழந்த போர்த்துகீசியர்கள், தங்கள் செல்வத்தைப் புதைத்து, காவலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று கூடவே புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. அந்தக் காவல் ஆவிதான் காப்பிரி முத்தப்பன். மங்காட்டுமுக்கில் உள்ள சிறு சன்னதியில் இன்றும் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். புதையல்தான் யாருக்கும் கிடைத்தபாடில்லை.

நாங்கள் தேடப் போனது வேறு வகை. ஜியோகேஷிங் என்று பெயர். ஓரிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுப்பார்கள்; ஜிபிஎஸ் கருவியின் உதவியோடு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் ஒரே இரவில் திருந்தின. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். விளையாட்டு பிறந்தது.

எர்ணாகுளத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், நான்கு அணிகள். செல்போன் போதாதா? போதும். ஆனால் அதைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். கையடக்க ஜிபிஎஸ் புதிதாக வாங்கினால் ஒன்றே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பதாயிரமா?

இரவல் வேட்டை தொடங்கியது. மலையேறும் நண்பர் ஒன்று தந்தார். நில அளவையாளர் ஒருவர் பழைய கருவியைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஒரு கல்லூரியில் அலமாரி நிறைய இருந்தது. வெளியே கொடுக்க விதி இல்லை. இன்னொருவர் நீட்டியது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் ரகம். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் வம்பு. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

மீதி இரண்டும் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கிடைத்தன. கேரளத்தின் 52 நாள் மழைக்காலத் தடையில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்த ஜூலை மாதம். குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒருவர், உபரியாக வைத்திருந்த இரண்டை எடுத்து வந்தார். கொடுக்கும் முன் தயங்கினார்.

"கொண்டு போங்க சார். உள்ளே கிடக்கிற பாயின்ட்ல மட்டும் யாரும் கை வைக்கப்பிடாது. அது எங்க அப்பன் காலத்துல இருந்து சேர்த்தது."

கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டுக்கு மீனவர்கள் வைத்த பெயர் பார். கரையில் தெரியும் மலையுச்சியையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து அதை அடையாளம் கண்டது தந்தை தலைமுறை. மகன் அதையே எண்களாக்கிக் கருவியில் சேர்த்திருக்கிறார். பக்கத்துப் படகுக்காரருக்குக்கூட அவற்றைச் சொல்வதில்லை.

மட்டாஞ்சேரியில் நாங்கள் பெட்டி எதையும் ஒளிக்கவில்லை. யூத ஆலயத்தின் அருகே கேட்பாரற்ற டப்பா கிடந்தால் முதலில் வருவது போலீஸ்தான். பதிலுக்குக் கேள்விகள். போர்த்துகீசியர் கட்டியும் டச்சுப் பெயர் வாங்கிய அரண்மனை எது? 1760-ல் கட்டிய மணிக்கூண்டில் எத்தனை மொழி எண்கள்? திறந்த வெளியில் கருவி சமர்த்தாக வழி காட்டியது. யூதத் தெருவின் உயரமான சுவர்களுக்கு நடுவே சமிக்ஞை பட்டுத் தெறிக்க, அம்பு தட்டாமாலை சுற்றியது. பிள்ளைகள் கடைக்காரர்களிடம் வழி கேட்டார்கள்.

பஜார் ரோட்டில், சுக்கு மணக்கும் கிடங்கு வாசலில்தான் எனக்கு உயிர் போய் வந்தது. எங்கள் புள்ளிகளை அழிக்கிறேன் என்று பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன். திரை, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. விரல் மேலே நின்றது. "இரு!" என்று கத்திப் பிடுங்கினேன். பிறகு எங்களுடைய ஐந்தையும் ஒவ்வொன்றாக அழித்தோம்.

மாலையில் தோப்பும்படி திரும்பினோம். மீனவர் பேசாமல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தார். இரண்டு கருவியையும். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். "சரியா இருக்கு" என்றார். வாடகை வேண்டாம் என்று, புது பேட்டரிகளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தடை முடிய ஒன்பது நாள் இருந்தது.