கொதிநீரில் வாழும் உயிர்கள்

நாங்கள் சண்டிகரில் வாழ்ந்த காலத்தில், தந்தையார் எங்களை இமாசலப் பிரதேசத்தின் மணிகரணுக்கு அழைத்துச் சென்றார். ஒருபுறம் குளிர்ந்து பாயும் பார்வதி ஆறு. மறுபுறம் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று. துணியில் முடிந்து ஊற்றில் இட்ட அரிசி, சற்று நேரத்தில் சோறாயிற்று.

"அரிசியே வேகும் நீரில் உயிர்கள் வாழுமா, அப்பா?" என்று வினவினேன். "வாழா" என்றார் தந்தையார். நானும் நம்பினேன்.

அது தவறு என்பதைக் கல்லூரியில் அறிந்தேன். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்த தாமஸ் பிராக், ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளரும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். 1969இல் அது 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' எனப் பெயர் பெற்றது. மணிகரண் ஊற்றிலும் வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வெப்பத்தால் எளிதில் குலையாத புரதங்களே அவற்றைக் காக்கின்றன.

பி.சி.ஆர். சோதனையில், மரபணுப் பகுதியைப் பலவாகப் பெருக்கக் கரைசலை மீண்டும் மீண்டும் 95 டிகிரி வரை சூடாக்குவர். பெரும்பாலான நொதிகள் அதில் சிதைந்துவிடும். தெர்மஸின் நொதியோ தாங்கி நிற்கும்.

2020இல் அன்னையார் கடுங்காய்ச்சலுற்றார். அச்சோதனையே கொரோனாத் தொற்றை உறுதிசெய்தது. உரிய காலத்தில் மருத்துவம் பெற்று அவர் நலமடைந்தார். பின்னர் இச்செய்தியைத் தந்தையாரிடம் கூறினேன்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டேனே, அம்மா!" என்றார்.