நிலாவெளியில் கிடந்த போட்டும் நாங்களும்



"சேர், அந்தப் போட் என்னாச்சு?" என்று எங்களிடம் கேட்காத ஆள் கிண்ணியாவில் குறைவு. சந்தையில் கேட்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில் கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் புள்ளியைக் கேட்பதற்கு முன் போட்டைக் கேட்கிறார்கள். வேறு சிலர் கேட்பதில்லை. "இந்த விலைவாசியில மாஸ்டர்மாருக்கு ஒரு விளையாட்டு" என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் நான்கு பேர். இருவர் அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இன்று ஒரே வலயத்தில் படிப்பிக்கிறவர்கள். மூன்றாமவர் என்ஜின் வேலை செய்யும் மச்சான். நான்காமவர் கடல் தொழிலை விட்டுவிட்டுச் சில்லறைக் கடை நடத்தும் காக்கா. பைபர் வேலை முழுவதும் அவர் தலையில்தான்.

போட் நிலாவெளியில் ஒரு தங்குமிடத்தின் பின்வளவில் கிடந்தது. பதினாறு அடி நீளம். எங்கள் ஆட்கள் மீன்பிடிக்கப் போகும் போட் இல்லை. முன்பக்கம் மூடிய தளம், உடைந்த கண்ணாடி, ஸ்டியரிங், பின்பக்கம் கயிறு கொளுவ ஓர் இரும்பு வளையம். வெளிநாட்டுக்காரர் நீர்ச்சறுக்கு விளையாட இழுத்துக்கொண்டு ஓடுகிற போட். புறாத்தீவுக்கும் ஆட்களை ஏற்றியிருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் நின்றார்கள். அடுத்த வருடம் கொரோனா. 2022இல் எண்ணெய் வரிசை. போட்டைத் தேட யாரும் இல்லை. உள்ளே மழைத் தண்ணீர் நின்று, அதில் நுளம்பு பெருகி, ஓரத்தில் ஒரு பப்பாசிக் கன்றும் முளைத்திருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலைக்குத் தந்தார்கள். நான்கு பேரும் பங்கு போட்டோம்.

அந்த வருடங்களில் கடற்கரையில் போட் கிடப்பது புதினமாக இருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். எங்கள் காக்கா கடலை விட்டது அப்போதுதான். எண்ணெய்க்கு உழைத்த மாதிரி இருக்கும், மீனுக்கு உழைத்த மாதிரி இருக்காது என்று அவர் சொல்வார்.

பைபர் போட் பழுதாகும் விதத்தைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். பைபர் உக்காது, உண்மை. அதன் உள்ளே ஒளிந்திருக்கும் மரம் உக்கும். என்ஜின் பூட்டும் பின்பலகையின் நடுவில் பிளைவுட் இருக்கும். தளத்தின் கீழே நீளமாக ஓடும் சட்டங்களும் மரம். ஓர் ஆணித் துவாரத்தை அடைக்காமல் விட்டால் போதும், தண்ணீர் அதனூடாகப் போய் உள்ளே இருந்துவிடும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். காக்கா முதல் நாள் சின்னச் சுத்தியலால் போட் முழுவதும் தட்டிப் பார்த்தார். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகச் சத்தம் தரும். கெட்ட இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். பின்பலகை முழுவதும் பலாப்பழம்தான். வெட்டித் திறந்தபோது பிளைவுட் புட்டு மாதிரி உதிர்ந்தது.

உள்பக்கத் தோலை வெட்டி, உக்கியதைச் சுரண்டி, காட்போட் மட்டையில் அளவு எடுத்து, இரண்டு மரைன் பிளைவுட் பலகைகளை ஒட்டி உள்ளே இறக்கினோம். பழைய பைபரும் புதிய பைபரும் சேரும் இடத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு அங்குல அகலத்துக்குச் சரிவு. நேராக வெட்டி ஒட்டினால் அலை அடிக்கும்போது அந்தக் கோட்டிலேயே பிரியும். தேய்க்கும்போது பறக்கும் தூள் உடம்பெல்லாம் கடிக்கும். முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையைத் தொடக் கூடாது.

ரெசினுக்கு ஹாடனர் சேர்ப்பது நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவில்தான். எங்கள் ஊர்க் கச்சான் காற்றுக் காலத்தில் அதற்கும் பொறுமை இல்லை. தேநீர் ஆறுவதற்குள் கோப்பையிலேயே கட்டியாகிச் சூடேறிவிடும். அதனால் சனி, ஞாயிறுகளில் சுபஹ் தொழுகை முடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பூசி முடித்துவிடுவோம். ஒரு விடயத்தை இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்கிறோம்: ஹாடனரையும் ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

என்ஜின் மச்சானுடைய பங்கு. போட்டோடு வந்தது இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஒரு கிழமை வைத்துப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் அவர் தன்னிடம் இருந்த 25 குதிரைவலு என்ஜினைப் பூட்டினார். அது அவர் விற்பதற்காகத் திருத்தி வைத்திருந்தது. இது பின்னால் ஒரு பிரச்சினையானது, அதற்கு வருகிறேம்.

ஒரு கதை. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று, அதைத் திருத்துவதற்காக எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பலின் பெயர் 'ஆன்'. தலைவரையும் ஆட்களையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660இல் மூதூர்ப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் தப்பியோடியது 1679இல். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1681இல் வெளிவந்தது. "போட் திருத்த வந்தவன் பத்தொன்பது வருஷம் வீட்டுக்குப் போகல்ல. நீங்க லுஹருக்காவது வாறீங்களே" என்று ஒரு வீட்டில் எங்களுக்கு ஆறுதல் கிடைத்தது.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சுமக்கும் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் இன்றும் மிதக்கிறது: 'எச்.எம்.எஸ். திருகோணமலை'. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டியது. பழுதடைந்து போயிருந்த அதை 1990இல் திருத்தத் தொடங்கி 2001இல்தான் முடித்தார்கள். பழைய மரத்தில் காப்பாற்றக் கூடியதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டே செய்த வேலை என்பதால் அவ்வளவு காலம். எங்கள் பதினாறு அடிக்கு ஆறு மாதம் பிடித்தது ஒன்றும் அதிகமில்லை.

சரி, விளையாட்டு என்று சொன்னவர்களுக்கு வருவோம்.

வேலை நடந்த வளவுக்கு இரண்டாம் மாதத்திலிருந்து பொடியன்மார் வரத் தொடங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. முதலில் வேலிக்கு வெளியே நின்றார்கள், பிறகு மதிலில் இருந்தார்கள், பிறகு மண்கடதாசி பிடித்தார்கள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஐஸ் என்கிற சனியன் எங்கள் பிரதேசத்துக்குள் எப்படி வந்திருக்கிறது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. ஜனாஸாவுக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வந்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். பழைய போட்டைத் தேய்த்தால் அது ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பொடியன் ஒருவனுக்குப் பின்னேரம் நான்கு மணியிலிருந்து மஃரிப் வரை போக ஓர் இடம் வேண்டும். மைதானம் இருக்கிறது, பந்து விளையாடத் தெரிந்தவனுக்கு. தெரியாதவன் எங்கே போவான்? எங்கள் வளவுக்கு வந்தவர்களில் ஒருவன் வகுப்பில் வாயே திறக்காதவன். அவன்தான் பின்பலகைக்கு வெட்டிய மட்டை அளவு ஒரு பக்கம் கால் அங்குலம் கூட என்று முதலில் கண்டுபிடித்தான். இப்போது காக்காவோடு வேறு போட் வேலைகளுக்கும் போகிறான். கூலி வாங்குகிறான்.

இனி முக்கியமான இடம்.

தளத்தைத் திறந்தபோது கீழே இருந்த நுரைக்கட்டிகள் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தன. போட் கவிழ்ந்தால் தாழாமல் வைத்திருக்க வேண்டியவை அவையே. அவற்றை அகற்றிவிட்டு, மூடி இறுக்கிய இருபது லீற்றர் கான்கள் பன்னிரண்டை இரண்டு பக்கமும் பட்டி போட்டு அடுக்கினோம். கணக்கு ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும். ஒரு லீற்றர் காற்று தண்ணீரின் கீழே ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். பன்னிரண்டு கான்களும் 240 கிலோவைத் தூக்கும். தண்ணீருக்குள் அமிழ்ந்த பைபருக்கும் என்ஜினுக்கும் அது போதும், பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கும் மிச்சம் இருக்கும்.

கணக்கை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது என்றார் காக்கா. பதிவு, அனுமதி வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு, கிண்ணியாப் பாலத்துக்கு உள்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டை இறக்கினோம். என்ஜினுக்குப் பதிலாக அதே நிறைக்கு மண்மூடைகளைக் கட்டினோம். ஆறு மாதம் உழைத்த போட்டுக்குள் வாளியால் நாங்களே தண்ணீர் அள்ளி ஊற்றினோம். விளிம்பு வரை நிரம்பியது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட் அமிழ்ந்தது, நின்றது. விளிம்பு தண்ணீர் மட்டத்தில் இருக்க, ஆறு பேர் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். கீழே போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்கு நினைவில் வந்தது வேறு. 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாத இடத்தில், காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை ஏற்றிய படகுப் பாதை கவிழ்ந்த நாள். அந்தக் கிழமை வகுப்பறையில் நின்ற ஆசிரியர்களுக்கு அது எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பிள்ளைகளுக்கு ஜக்கட் இருக்கவில்லை. கவிழ்ந்தாலும் மிதக்கிற படகாக அது இருக்கவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர் உள்ள ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

போட் ஓடத் தொடங்கிய இரண்டாம் கிழமையே உல்லாசப் பயணத் தொழில் செய்யும் ஒருவர் நல்ல விலை கேட்டார். நாங்கள் போட்டதைவிட இரண்டு மடங்கு. இங்கேதான் மச்சானின் என்ஜின் பிரச்சினை வந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். அந்த என்ஜின் அவருடைய முதல். "உங்களுக்கு மாசச் சம்பளம் வரும், எனக்கு வராது" என்றார். அதில் பிழை எதுவும் இல்லை. இரண்டு இரவு கதைத்தோம். முடிவு இது: போட்டை விற்பதில்லை. மற்ற மூவரும் சீட்டுப் பிடித்து என்ஜினின் விலையை அவருக்கு மாதாமாதம் கொடுப்போம். சேர்ந்து செய்த வேலைக்காக ஒருவர் மட்டும் நட்டப்படக் கூடாது.

போட் எதற்கு? நீச்சல் பழக்கும்போது பக்கத்தில் நிற்கும் காவல் போட்டாக. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாகப் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டதோடு நிறுத்திவிட்டோம். வாடைக் காற்று தொடங்க முன், ஆழம் குறைந்த இடத்தில், பெற்றோரின் எழுத்துமூல விருப்பத்தோடு, பத்துப் பத்துப் பிள்ளைகளாகத் தொடங்க எண்ணியிருக்கிறோம். பெண் பிள்ளைகளை விட்டுவிட முடியாது. குறிஞ்சாக்கேணித் தண்ணீர் ஆண் பெண் பார்க்கவில்லை. அவர்களுக்கு மறைவான இடமும் பழக்கத் தெரிந்த பெண்களும் வேண்டும். அதை ஒழுங்குசெய்ய ஊர்ப் பெண்களின் ஆலோசனை எங்களுக்குத் தேவை.

உங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, வீட்டில் சும்மா கிடக்கும் உயிர்காப்பு ஜக்கட் இருந்தால் தாருங்கள். தர முன் பாரங்கட்டி ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க அமிழ்த்தி வையுங்கள். காலையில் நீர் குடித்துக் கனத்திருந்தால் அது உதவாது. பெரியவர்களின் ஜக்கட்டைச் சிறு பிள்ளைக்குப் போடுவது ஆபத்து, தலைக்கு மேலால் கழன்றுவிடும். ஆகவே சின்ன அளவுதான் அதிகம் தேவை. இரண்டு, நீச்சல் பழக்கப் பயிற்சி பெற்றவர்கள், ஓய்வுபெற்றவர்களாக இருந்தாலும், முன்வாருங்கள். மூன்று, போட் வைத்திருப்பவர்கள் ஒரு சுத்தியலை எடுத்து உங்கள் பின்பலகையை நாளைக்கே தட்டிப் பாருங்கள். மந்தமாகக் கேட்டால் காக்காவிடம் வாருங்கள். பார்த்துச் சொல்ல அவர் காசு எடுப்பதில்லை.

விளையாட்டு என்று சொன்னவர்களிடமும் எங்களுக்குக் கோபம் இல்லை. உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.