வீட்டுத்தோட்டம் செய்ய முதலில் என்ன வேணும்?

"வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ" எண்டு எங்கட தலைமுறைக்குச் சொல்லாத ஆக்கள் இல்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோதும் சொன்னார்கள். 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோதும் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூனில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னது அமைச்சரவை. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இதெல்லாம் செய்தி. மண்வெட்டியைக் கையில் எடுத்தது கம்பசுக்கு வந்த பிறகுதான்.

நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, மன்னார், ஹட்டன் என்று ஒவ்வொரு திக்கில் இருந்து வந்து, திருநெல்வேலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். வீட்டுக்காரர் கனடாவில். பின்வளவில் ஒரு கிணறு, ரெண்டு தென்னை, மிச்சம் வெறும் செம்மண். தோட்டம் செய்யலாமோ எண்டு வட்ஸ்அப்பில் கேட்டோம். "மரக்கறி வையுங்கோ பிள்ளையள், மரம் மட்டும் வைக்காதேங்கோ" எண்டு பதில் வந்தது.

தையில் தொடங்கினோம். மாரி மழை ஓய்ந்து, கிணறு நிறைந்து, மண் ஈரமாக இருக்கிற நேரம். புதுசாகத் தொடங்குகிற ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. பாத்தியை மூன்றடி அகலத்துக்கு மேல் போடவில்லை. அப்பதான் ரெண்டு பக்கமும் நின்று, மண்ணை மிதிக்காமல் நடுவரைக்கும் கை எட்டும். பத்தடி நீளத்தில் மூன்று பாத்தி. ஒவ்வொன்றுக்கும் நல்லாக் காய்ந்த மாட்டெரு ஒரு உரப்பை போட்டுக் கொத்திக் கலந்தோம்.

வெண்டியும் பயிற்றையும் நேரே விதைக்கிற பயிர்கள். வெண்டி விதையை ஒரு இரவு தண்ணியில் ஊறப்போட்டால் கெதியில் முளைக்கும். கத்தரியும் மிளகாயும் அப்படி இல்லை. முதலில் நாற்றுப் போட்டு, ஒரு மாதம் போல வளர்ந்த பிறகு பிடுங்கி நட வேணும். நடுவது பின்னேரத்தில், வெயில் தாழ்ந்த பிறகு. பொறுமை இல்லாத ஆக்களுக்குக் கீரை. மூன்று, நாலு கிழமையில் சட்டிக்கு வந்துவிடும். அந்த முதல் கீரைக் கறிதான் எங்களை மிச்ச ரெண்டு மாதமும் தண்ணி ஊற்ற வைத்தது.

பக்கத்து வீட்டு அம்மம்மா வேலிக்கு மேலால் பாடம் நடத்தினா. கத்தரியில் நுனி வாடினால் தண்ணி காணாது எண்டு நினைக்கக் கூடாது, உள்ளே புழு இருக்கும், அந்த நுனியை வெட்டி எரிக்க வேணும். வெண்டியை ரெண்டு நாளுக்கு ஒருக்கா ஆய வேணும், விட்டால் முற்றி நார் பிடிக்கும். மிளகாய் இலை சுருண்டபோது வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்துத் தெளிக்கச் சொன்னா. பாதிக் கன்று தப்பியது. ஒரு நாள் படலை திறந்து கிடக்க, ஆடு வந்து பயிற்றையை முடித்துவிட்டுப் போனது. அதற்கு அம்மம்மாவிடமும் மருந்து இல்லை.

கணக்கையும் சொல்ல வேணும். பதினாலு வெண்டிக் கன்றில் காய்க்கிற காலத்தில் நாலு பேருக்குக் கிழமைக்கு ரெண்டு கறி வரும். கீரையும் பச்சை மிளகாயும் வாங்கத் தேவையில்லை. அரிசி, பருப்பு, தேங்காய், காஸ் எல்லாம் கடையில்தான். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற, கிணற்றுத் தண்ணியும் இறங்கும். பின்வளவு ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தாது. ஆனால் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு விலை பேசும்போது, அதற்குப் பின்னால் எத்தனை வாளி தண்ணி இருக்கு எண்டு இப்ப எங்களுக்குத் தெரியும்.

எங்கட வீட்டில் ஒரே பொருளுக்கு ரெண்டு, மூன்று பெயர் இருக்கும். மிளகாய் மட்டக்களப்புக்காரிக்குக் கொச்சிக்காய். ஆனால் 'தோட்டம்' எண்ட சொல்லில்தான் உண்மையாகவே நின்றுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் எண்டால் மிளகாயும் வெங்காயமும் விளைகிற காணி. பெரும்பாலும் ஆரோ ஒருத்தரின் சொந்தக் காணி. ஹட்டன் தோழிக்குத் தோட்டம் எண்டால் தேயிலை, லயம், துரை, பெயர்ப்பதிவு. "எங்க அம்மாவுக்குத் தோட்டத்துல வேலை இருக்கு. ஆனா தோட்டம் எங்களோடது இல்ல" எண்டு அவள் சொன்னாள். லயத்துக்குப் பின்னால் அவள் வீட்டிலும் லீக்ஸும் பீற்றூட்டும் போடுகிறார்கள். எங்கள் நாலு பேரில் மண்வெட்டி பிடிக்க நல்லாத் தெரிந்ததும் அவளுக்குத்தான். ஆனால் அந்தத் துண்டு நிலத்தை வேணாம் எண்டு நிர்வாகம் சொன்னால் விட்டுக்கொடுக்க வேணும்.

யாழ்ப்பாணத்துப் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச். அப்படியெண்டால் ஒரு பரப்பு பத்துப் பேர்ச். லயத்தை விட்டு வெளியேறத் தனி வீட்டோடு 7 பேர்ச் காணி எண்ட திட்டம் கனகாலமாகப் பேசப்பட்டது. இங்கத்தைய கணக்கில் அது ஒரு பரப்புக்கூட இல்லை. 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் கோரிக்கைகளில் காணியும் இருந்தது. 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் தெருவோரத்தில் இருந்து கேட்டதும் தங்கட காணியைத்தான்.

வீட்டுத்தோட்டக் கையேடுகள் எல்லாம் விதையில் தொடங்கும். அதுக்கு முதல் ஒரு கேள்வி இருக்கு: காணி ஆரின்ரை? ஒரு மண்ணில் எத்தனை காலம் நிற்கலாம் எண்டதுதான், அதில் என்ன நடலாம் எண்டதைத் தீர்மானிக்கிறது. மூன்று மாதம் நிற்கலாம் எண்டால் கீரை, வெண்டி. மாவும் பலாவும் நட, பத்து வருசம் கழித்தும் இதே இடத்தில் இருப்பேன் எண்ட நம்பிக்கை வேணும். வாடகை வீட்டில் எங்களுக்கு அது தற்காலிகப் பிரச்சினை. படிப்பு முடியப் போய்விடுவோம். எங்களில் ஒருத்தியின் குடும்பத்துக்கு அது தலைமுறைகளாக இருக்கிற பிரச்சினை.

அதுக்காகத் தோட்டம் செய்யாமல் இருக்கச் சொல்லவில்லை. ஒரு பாத்தி போடுங்கோ. இடம் இல்லாவிட்டால் உரப்பையில் மண் நிரப்பி நாலு கத்தரி வையுங்கோ. ஆனால் "மக்கள் சோம்பேறிகள், வளவைச் சும்மா போட்டு வைத்திருக்கினம்" எண்டு ஆராவது சொன்னால், எந்த வளவு எண்டு கேளுங்கோ.

இந்தமுறை நாலு வெண்டிக்காயை ஆயாமல் முற்ற விட்டு விதை எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு பங்கு ஹட்டனுக்குப் போகும், அந்தக் குளிருக்கு முளைக்குதோ எண்டு பார்க்க. வேலியில் முருங்கைக் கதியால் ஒன்று நடலாமோ எண்டு கனடாவுக்குக் கேட்டும் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரேல்லை.