விலையை வெட்டும் சொல்

பேரம் பேசுவதைக் குறிக்கும் ‘ஹேகில்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் பேரமன்று, கரடுமுரடாக வெட்டுதல். வெட்டுவதைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லொன்றின் வழிவந்தது அது. விலையை வெட்டிக் குறைத்தல் என்னும் பொருள் பின்னரே வந்து சேர்ந்தது. நம் கடைத்தெருவிலும் ‘அடித்துப் பேசி வாங்கினேன்’ என்றுதானே பெருமைப்படுகிறோம்!

அரபியில் ‘முமாகஸா’ என்பர். அதற்கும் விலையைக் குறைத்தல் என்பதே கருத்து. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலை பேசி வாங்கினார்கள். மதீனா சேர்ந்ததும் விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பியளித்தார்கள். ஒட்டகத்தை எடுத்துக்கொள்வதற்காகவா உம்மிடம் விலை குறைத்தேன் என்னும் கருத்தில் அவர்கள் வினவியபோது ஆண்டது இச்சொல்லின் வினைவடிவத்தையே என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அறிவிப்பு.

ஆக, பேரத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ‘கரர்’ எனப்படும் அறியாப்பொருள் வணிகத்தையே தடுக்கிறது. முத்துக்குளித்துறையில் பிறந்த நமக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது அன்று வழக்கமாக இருந்தது. உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஒரே நாளில் செல்வரானவரும் உண்டு, கடனாளியானவரும் உண்டு. ஏலம் கூடும், எனினும் ஓட்டுக்குள் மறைந்ததை விலைகூறுவது எனக்கு ஐயத்துக்குரியதாகவே தோன்றுகிறது. தூத்துக்குடியில் 1955 தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று.

திறந்தெடுத்த முத்தின் வணிகம் வேறு. அரபு வளைகுடாவின் முத்து வணிகர்கள் ஒரு துணிக்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசினர். கோழிக்கோட்டுத் தரகர்களிடமும் இவ்வழக்கம் இருந்ததைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா எழுதியிருக்கிறார். தொட்டாலே விற்பனை முடிந்தது என்னும் ‘முலாமஸா’வை ஹதீஸ் விலக்குகிறது, இது அதுவன்று. இங்கே பொருளைக் கண்ணாரப் பார்த்தாயிற்று. மறைந்திருப்பது சுற்றி நிற்போருக்குத் தெரியாத விலை மட்டுமே.

இன்று நகைக்கடையில் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். நுங்கு விற்கும் மூதாட்டியிடம்தான் நம் வாள் உறையை விட்டு வெளிவருகிறது.

என் உம்மாவும் வாசலில் கருவாடு விற்க வருபவரிடம் விடாமல் பேரம் பேசுவார். ஐம்பதை நாற்பதாக்குவார், பிறகு ஐம்பதையே கொடுப்பார். “இதற்கு ஏன் உம்மா இவ்வளவு பேச்சு?” என்று ஒருமுறை கேட்டேன். “பேசாமல் கொடுத்தால் ஸதகா கொடுக்கிறேன் என்று நினைத்துவிடுவாள். அவள் வியாபாரி” என்றார்.