பழைய லேப்டாப்பும் வீட்டு வை-ஃபையும்

2008-ம் ஆண்டு டிசம்பர் மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. மகன் வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது கையில் ஒரு பழைய லேப்டாப் கொண்டு வந்தான். மாமா புதியது வாங்கியதால் இவனுக்குக் கொடுத்தது அது.

வீட்டில் ஏற்கனவே பிராட்பேண்ட் இருந்தது. ஆனால் மோடம் முன்னறையில், போன் பக்கத்தில். பின்புறம் பலாமரத்து நிழலில் உட்கார்ந்து நெட் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு வயர்லெஸ் ரவுட்டர் வாங்கி, கேபிளால் மோடத்தோடு இணைத்தான். அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினான். நெட்வொர்க்குக்கு ஒரு பெயர் வைத்தான். பாதுகாப்புக்கு டபிள்யூ.பி.ஏ.2 முறையைத் தேர்ந்தெடுத்தான். அக்காவின் புது லேப்டாப் உடனே இணைந்துவிட்டது. இவனுடையது மட்டும் மறுத்தது.

காரணம் இதுதான். அந்த லேப்டாப்பில் செருகியிருந்த கார்டு, 1999-ல் வந்த 802.11பி வகை. அதற்குத் தெரிந்த ஒரே பூட்டு டபிள்யூ.இ.பி. மட்டுமே. 2003-ல் வந்த டபிள்யூ.பி.ஏ. பழைய கார்டுகளிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டதுதான். ஆனால் அதற்குப் புது டிரைவர் வேண்டும். இந்தக் கார்டுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி என்று ரவுட்டரை டபிள்யூ.இ.பி.க்கு மாற்றினான். எல்லாம் இணைந்தது. பலாமரத்தடி ஆசையும் நிறைவேறியது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். டபிள்யூ.இ.பி.யின் பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001-லேயே எழுதிக் காட்டிவிட்டார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைக்கும் வழியைச் சொன்னார்கள். வெளியில் பார்த்தால் பூட்டுத் தொங்கும்; இழுத்தால் வந்துவிடும்.

இது வெறும் பாடப்புத்தகப் பயம் அல்ல. அதே 2008-ல், ஜூலை 26 அன்று, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸ் தேடிப் போனது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்கு. பூட்டில்லாத அவரது வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் விசாரணைக்கு ஆளானவர் அவர்தான். 2009-ல் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து காபி குடிக்கும்போது கேட்டார்.

"ஏம்பா, நம்ம வீட்டு கனெக்‌ஷன் என் பேர்லதானே இருக்கு?"

"ஆமாப்பா. பூட்டு போட்டிருக்கேன்."

"நல்ல பூட்டுதானே?"

மகனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னான். அப்பா கோபப்படவில்லை. "ஒரு பழைய சாவிக்காக வீட்டுப் பூட்டையே மாத்துவாங்களா? சாவியை மாத்துப்பா" என்றார்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. டபிள்யூ.பி.ஏ.2 தெரிந்த சிறிய யு.எஸ்.பி. வயர்லெஸ் அடாப்டர் ஒன்று வாங்கினான். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அந்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 3-ஐயும் போட்டான். ரவுட்டர் மறுபடி டபிள்யூ.பி.ஏ.2-க்குத் திரும்பியது. லேப்டாப்பின் யு.எஸ்.பி. பழையது, அதிகபட்சம் நொடிக்கு 12 மெகாபிட்தான். இருந்தால் என்ன, வீட்டுக்கு வந்த பிராட்பேண்டே அதைவிட மெதுவானது. இன்னொரு லாபமும் உண்டு. பழைய பி வகைக் கார்டு நடுவில் இருந்தால் ஜி வகை நெட்வொர்க் முழுவதும் வேகம் குறையும். அந்தத் தொல்லையும் ஒழிந்தது.

ரவுட்டரை மட்டும் முன்னறையிலிருந்து பின் ஜன்னல் பக்கம், உயரமான அலமாரிக்கு நகர்த்த வேண்டியிருந்தது. இடையில் இரண்டு சுவர்கள் குறைந்ததும் பலாமரத்தடி வரை சிக்னல் வந்தது.

2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. இப்போது பழைய போனும் பழைய டி.வி.யும் அதே பிடிவாதம் பிடிக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு கெஸ்ட் நெட்வொர்க் கொடுக்கலாம், அல்லது கேபிள் போடலாம். பழைய பொருளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதற்காக வீட்டில் உள்ள எல்லோருடைய பூட்டையும் தளர்த்தாமல் இருந்தால் போதும்.